பர்மிட்டும் பாதை வரியும்

முதற் குலோத்துங்கனை வரலாறு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று போற்றுகின்றது. போர்க்களங்கள் பல கண்ட அப்பேரரசனுக்கு, வணிகர் வழியில் நின்ற தடையை அகற்றிய செயலே அழியாப் பெயராக அமைந்தது. சரக்கு வண்டியை நிறுத்தி வரி தண்டும் வழக்கம் அத்துணைப் பழமையானது. அதனால் விளையும் அல்லலும் அத்துணைப் பழமையானதே. நம் நாட்டுச் சரக்கு லாரிகளுக்குப் பர்மிட்டும் சாலை வரியும் வந்து சேர்ந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன். நாமக்கல், சங்ககிரிப் பகுதி லாரிகள் பல மாநிலங்களைக் கடந்து வடபுலம் வருவதை நாம் அறிவோம். ஆதலின் இது நமக்கு அயலார் கதையன்று.

1914-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வண்டிப் பதிவு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றையே பெரிதும் கருதியது. பின்னர் மோட்டார்கள் பெருகின, சாலைகள் சீர்கெட்டன, செப்பனிடப் பணம் வேண்டியதாயிற்று. 1927-இல் அமைக்கப்பட்ட ஜெயகர் குழு இதனை ஆராய்ந்தது. அதன் பயனாக, 1929 முதல் காலன் ஒன்றுக்கு இரண்டணா வீதம் பெட்ரோலுக்குக் கூடுதல் வரி விதித்து, அத்தொகையைச் சாலை நிதியாக ஒதுக்கினர். சாலையைத் தேய்ப்பவன் சாலைக்குப் பொருள் தருதல் வேண்டும் என்னும் இந்நெறி நியாயமானதே.

பர்மிட் பிறந்த காரணம் வேறு. இரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நான் இதனை மறைத்தல் ஆகாது. லாரிகள் நல்ல வாடகை தரும் சரக்குகளைத் தேர்ந்து கொண்டுபோக, நிலக்கரியும் தானியமும் போன்ற குறைந்த கட்டணச் சரக்குகளை இரயில்வே சுமக்க நேர்ந்தது. கோடிக்கணக்கான மூலதனம் இருப்புப் பாதையில் முடங்கியிருக்க, வருவாய் குறையவே அரசாங்கம் கவலையுற்றது. மிட்செல், கிர்க்னெஸ் என்னும் இரு அதிகாரிகள் ஆராய்ந்து அறிக்கை தந்தனர். 1933-இல் சிம்லாவில் சாலை-இரயில் மாநாடு கூடிற்று. 1937-இல் வெட்ஜ்வுட் குழுவும் கட்டுப்பாடு வேண்டும் என்றது. இவற்றின் விளைவே 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். வாடகைக்கு ஓடும் லாரிக்குப் பர்மிட் கட்டாயமாயிற்று. அது வழங்கப்பட்ட வட்டாரத்திற்குள்தான் செல்லும். எல்லை தாண்ட வேண்டுமாயின், அப்பக்கத்து அதிகாரியின் மேலொப்பமும் பெறல் வேண்டும். சாலைக்கும் இரயிலுக்கும் இணக்கம் காணும் பொருட்டுத் தொலைதூரச் சரக்குப் போக்குவரத்தைக் குறைக்கவும் மாகாண அரசுகளுக்கு அதிகாரம் தரப்பட்டது.

விடுதலைக்குப் பின் எழுந்த அரசியலமைப்பு, பாரதம் முழுதும் வணிகம் தடையின்றி நடைபெறும் என்று 301-ஆம் பிரிவில் உறுதி கூறிற்று. அதே அரசியலமைப்பு, வாகன வரியையும் சாலைவழிச் சரக்கு வரியையும் மாநிலங்களுக்கு வழங்கிற்று. சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் லாரி ஆந்திரம், ஒரிஸ்ஸா, வங்காளம் ஆகிய மூன்று மாநிலங்களின் அதிகாரத்தைக் கடக்க வேண்டும். இதனோடு நாட்டின் பல நகரங்களில் ஆக்டிராய் என்னும் நுழைவு வரிச் சாவடி வேறு இருந்தது. 1958-இல் மாநிலங்களிடைப் போக்குவரத்து ஆணையம் அமைந்தது. 1959-இல் மசானி குழு பர்மிட்டுகளைத் தாராளமாக வழங்குமாறு கூறியது. 1967-இல் கேஸ்கர் குழு ஆக்டிராயை ஒழிக்கப் பரிந்துரைத்தது. அறிவுரைக்குக் குறைவில்லை, செயலே பின்தங்கிற்று.

வரி, வணிகச் சுதந்திரத்திற்குத் தடையாகுமா என்னும் வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அஜ்மீர் தனி மாநிலமாயிருந்த காலத்தில், அங்கிருந்து இராஜஸ்தான எல்லைக்குள்ளும் ஓடிய மோட்டார்களுக்கு அம்மாநிலம் வரி கேட்டது; உரிமையாளர்கள் வழக்காடினர். சாலை வசதிக்கு ஈடாகப் பெறும் வரி தடையாகாது என்று 1962-இல் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 2016-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் அந்த 'ஈடு' என்னும் கோட்பாட்டைக் கைவிட்டது. பிற மாநிலச் சரக்குக்குப் பாரபட்சம் காட்டும் வரியே விலக்கத்தக்கது என்று பெரும்பான்மையோர் கூறினர்.

வழி மெல்ல மெல்லத் திறந்தது. 1975-இல் தேசிய பர்மிட் முறை வந்தது. 2010 மே மாதம் முதல், சொந்த மாநிலத்திற்கு 1,000 ரூபாயும், ஆண்டுக்கு 15,000 ரூபாய் ஒருங்கிணைந்த கட்டணமும் செலுத்தினால் நாடு முழுதும் செல்லலாம் என்றாயிற்று. மாநிலந்தோறும் தனித்தனியே கட்டும் தொல்லை நீங்கிற்று. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு-சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சாவடிகள் பல மூடப்பட்டன. மும்பையின் ஆக்டிராயும் அன்றே முடிந்தது. 2021 பிப்ரவரி முதல் நெடுஞ்சாலைச் சுங்கத்திற்கு ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? வரி வேறு, தடை வேறு. முன்னது சாலையை வளர்ப்பது. பின்னது சாலையையே பயனற்றதாக்குவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியமையால் பல்லாண்டுகள் வீணாயின. சாவடியில் லாரி காத்துக் கிடந்த ஒவ்வொரு நாழிகையின் விலையும் இறுதியில் இல்லத்தரசி வாங்கும் வெங்காயத்தின் மீதும் பருப்பின் மீதுமே ஏறிற்று. வீடு விட்டு வாரக்கணக்கில் வழியிலேயே வாழும் ஓட்டுநரின் உறக்கமும் அதில் கரைந்தது.

பல மொழியினரும் கூடி வாழும் காலனியில் குடியேறியுள்ள நாம், எல்லைகள் மக்களைப் பிரிப்பதற்கு அல்ல என்பதை அன்றாடம் உணர்கின்றோம். செலுத்த வேண்டிய வரியை மனமுவந்து செலுத்துவோம்; அவ்வரி சாலைக்கே செல்கின்றதா என்று கேட்பதும் நம் கடமையே. வழி மட்டும் மறிக்கப்படாதிருத்தல் வேண்டும். சோழன் பெற்ற புகழின் பொருள் அதுவே.