ஃபிராய்டின் மேசைக்குச் சென்ற விஷ்ணு

1931ஆம் ஆண்டு சிக்மண்ட் ஃபிராய்டுக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தது. அதனையொட்டிக் கல்கத்தாவிலிருந்த இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் அவருக்குத் தந்தச் சிலையொன்றை அனுப்பிவைத்தது. அனந்தன்மேல் அமர்ந்த விஷ்ணு, திருவனந்தபுரத்துக் கைவேலை. அதன் எழிலைப் புகழ்ந்து ஃபிராய்டு எழுதிய நன்றிக் கடிதத்தில், தம் மேசையில் அதற்குச் சிறப்பிடம் அளித்திருப்பதாகத் தெரிவித்தார். உளப்பகுப்பாய்வு அயல்நாடுகளில் ஈட்டிய வெற்றிகளை அது நினைவூட்டும் என்றும் குறிப்பிட்டார். அவர் ஆண்ட ஆங்கிலச் சொல் 'வெற்றி' என்பதைவிட, நாடு பிடித்தலைக் குறிக்கும் 'கைக்கொள்ளல்' என்பதற்கே நெருக்கமானது. மொழியியல் பயின்ற எனக்கு அச்சொல்லை எளிதில் கடந்துசெல்ல இயலவில்லை.

1922இல் அக்கழகத்தை நிறுவியவர் கிரீந்திரசேகர் போஸ் (1887–1953) என்னும் மருத்துவர். வங்காள நகைச்சுவை எழுத்தாளரும் 'சலந்திகா' அகராதியின் ஆசிரியருமான ராஜசேகர் போஸ் இவருடைய தமையனார். கிரீந்திரசேகர் ஃபிராய்டை ஒருமுறையேனும் நேரில் கண்டவரல்லர். இருவரையும் இணைத்தவை கடிதங்களே.

போஸ் முன்வைத்தது எதிர்விழைவுக் கோட்பாடு. எந்த விழைவும் தனித்துப் பிறப்பதில்லை. தன் எதிரையும் உடன்கொண்டே பிறக்கிறது. அடிக்க விரும்புபவனுக்குள் அடிபடும் விழைவும் மறைந்திருக்கிறது. இரண்டில் ஒன்று மேலெழும்போது மற்றொன்று நனவிலிக்குள் அமிழ்கிறது. ஆகவே, நாம் 'தெரிவு' என எண்ணுவது பாதி மட்டுமே. பிறரோடு நாம் கொள்ளும் உறவும் இதில் அடங்கும்: எதிரிலிருப்பவரின் நிலையில் தன்னை வைத்துப் பார்க்க இயலாதவன் தன் விழைவையே அறியாதவனாகிறான். சிகிச்சையிலும் நோயாளியை இவ்விரு நிலைகளுக்கிடையே மாறி மாறி இயங்கச் செய்தார் போஸ்.

இக்கோட்பாடு வடிவம் சார்ந்த கூறையே வலியுறுத்துகிறது, உளவிசையை அன்று என்பது 1929இல் ஃபிராய்டு தெரிவித்த மறுப்பு. 1933இல் எதிர்விழைவுகளைத் தாம் புறக்கணித்ததை ஓரளவு ஒப்புக்கொண்டார். எனினும் சிலைக்குக் கிடைத்த இடம் கோட்பாட்டுக்குக் கிடைக்கவில்லை.

இதனைக் காலனிய ஆணவம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுதல் தகாது. ஆட்லர், யுங் ஆகிய ஐரோப்பியர்களிடம் அவர் இதனினும் கடுமை காட்டினார். என்னை உறுத்துவது நம் பக்கத்து மௌனம். உளவியல் பாடங்களில் போஸ் பெரும்பாலும் 'இந்தியாவின் முதல் உளப்பகுப்பாய்வாளர்' என்னும் ஒற்றை வரியாகச் சுருங்கிப்போகிறார். 1933இல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், அன்றாட மனத்துயரோடு வருவோர் உள்நோயாளியாகத் தங்காமலே சிகிச்சை பெறும் பிரிவு தொடங்கப்பட்டதும், 1940இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை எழுந்ததும் அவர் முயற்சியால்தான். அவ்விரண்டையும் விடுத்து அவருடைய கோட்பாட்டை மட்டும் மதிப்பிடுவது எனக்கு உடன்பாடானதன்று.

1938இல் ஃபிராய்டு வியன்னாவை விட்டு வெளியேறியபின் சிலையும் இலண்டன் சேர்ந்தது. இருவருடைய கடிதங்களும் அச்சில் வந்துள்ளன. மாணவர்கள் 1929ஆம் ஆண்டுக் கடிதங்களிலிருந்து தொடங்கலாம்.