திருக்கோணமலைப் பாறையும் அதன்மேற் செல்லும் வழியும்

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பத்தினர் விடுமுறைக் காலங்களிற் குழுவாகச் சேர்ந்து ஸ்தல யாத்திரை செய்வது இப்பொழுது வழக்கமாயிருக்கின்றது. அங்ஙனம் செல்வோர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, அவர் காட்டுவதைக் கண்டு, அவர் கூறுவதைக் கேட்டு, மீண்டு வந்தபின் அதனையே சரித்திரமெனத் தம் மக்கட்கு உரைக்கின்றனர். இதனால் விளையும் நன்மை எது, தீமை எது என்பதை, ஈழநாட்டின் கீழ்கரையிலுள்ள திருக்கோணமலையைக்கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு நிலக்கூறு. அதன் முனையிற் கடலினின்று 300 அடிக்கு மேற்பட்ட உயரத்திற்குச் செங்குத்தாய் எழுந்து நிற்கும் சுவாமிமலை என்னும் பாறை. அதன் உச்சியிற் கோணேசர் ஆலயம். 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்த சுவாமிகள் இத்தலத்தைப் பாடியுள்ளமையால், இதன் தொன்மைக்கு வேறு சான்று வேண்டா. நிலக்கூற்றின் கழுத்தை மறித்து நிற்பது பிரெடெரிக் கோட்டை. யாத்திரிகர் அனைவரும் அக்கோட்டை வாயிலினுட் புகுந்து, மான்கள் மேயும் மரநிழலில் மெல்ல மெல்ல மேடேறி, உச்சியை அடைதல் வேண்டும். நடை சிறிது, ஆயினும் அந்நடையிற் கடக்கும் காலம் பெரிது.

அவ்வாயிலிலேயே கண்டு நிற்கத்தக்கவை இரண்டு உள. ஒன்று, கல்லிற் செதுக்கிய இணைக்கயல். சடாவர்மன் வீரபாண்டியன் கோணமலையிற் கயல் இலச்சினை பொறித்த செய்தியைக் குடுமியான்மலைச் சாசனம் கூறுகின்றது. அது 13ஆம் நூற்றாண்டுச் செய்தி. மற்றொன்று, சிதைந்த தமிழ்க் கல்வெட்டு. குளக்கோட்டு மன்னன் எடுப்பித்த ஆலயம் பிற்காலத்திற் பறங்கியராற் குலையும் என்னும் கருத்தை அதிலே கண்டு, அதனை ஒரு தீர்க்கதரிசனமாக மக்கள் போற்றி வருகின்றனர். எழுத்தின் அமைதியை நோக்கிய அறிஞர் அதனை ஏறக்குறைய 16ஆம் நூற்றாண்டினதென மதிப்பர். நாம் சென்றபொழுது உடன் வந்த வழிகாட்டியோ இவ்விரண்டையும் கடக்கையில் வாய் திறந்திலர்.

கோயிற்கல் கோட்டை வாயிலில் நிற்பானேன்? 1620ஆம் ஆண்டுகளிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா ஆலயத்தைத் தகர்த்து, அதன் கற்களைக்கொண்டே கோட்டையைக் கட்டுவித்தான். 1639ல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயரும், அதே ஆண்டு ஆகஸ்டிற் பிரெஞ்சுக்காரரும் அதனைப் பிடித்தனர். மீண்டும் ஒல்லாந்தர்க்கு மாறிப் பின் 1795ல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1803ல் அவர்கள் இட்ட பெயரே இன்றும் வழங்குகின்றது. கோட்டையை ஆண்டவர் பலர். ஆயின் அதன் சுவரிற் கிடந்த கற்கள் நம் முன்னோர் வழிபட்ட கற்களே.

இங்கே நம் அன்பர்கள் கருத்தூன்றிக் கவனிக்கவேண்டுவது ஒன்றுண்டு. ஆலயம் அழிந்தபின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்பாறைமீது பழைய பெருங்கோயில் இல்லை. விமானம் இல்லை, கோபுரம் இல்லை. எனினும் ஆங்கிலேயர் காலத்தில் அர்ச்சகர் அம்மலை விளிம்பில் நின்று, மலரும் தேங்காயும் பழமும் கீழேயுள்ள கடலில் இட்டுத் தீபங் காட்டினர் என்றும், மக்கள் திரண்டு நின்று தொழுதனர் என்றும், அதனைக் கண்ட ஐரோப்பியரே எழுதி வைத்துள்ளனர். அந்நியர் கோட்டையினூடே நடந்து சென்று, வெறும் பாறையைத் தொழுது மீண்ட அம்மக்களின் கால்களன்றோ இத்தலத்தைக் காத்தன! கல் பெயர்ந்தது, வழி பெயரவில்லை.

இத்துணை அரிய செய்தியிருக்க, நம் வழிகாட்டி உருகி உரைத்தது வேறொரு கதை. பிரான்சினா வான் ரீட் என்னும் ஒல்லாந்த நங்கை, தன்னைக் கைவிட்ட காதலன் கப்பலேறிச் செல்வதைக் கண்டு இப்பாறையினின்று குதித்து மாண்டாள் என்பதே அது. 1687ஆம் ஆண்டு பொறித்த தூண் ஒன்று அவள் நினைவாக அங்கு நிறுத்தப்பெற்றமை உண்மை. ஆனால் அவ்வாண்டிற்குப் பின்னும் அவள் உயிர்வாழ்ந்து மணம் புரிந்தாள் என்று ஒல்லாந்தர் ஏடுகள் கூறுகின்றன. இராவணன் வாளால் வெட்டியதென்னும் பிளவையும் அவர் காட்டினார். புராணத்தைப் புராணமென்று கூறுதல் குற்றமன்று. அது நம் செல்வமே. கட்டுக்கதையைச் சரித்திரமெனக் கூறுதலே குற்றம். என்னை? பொய்யை மெய்யோடு கலந்து உரைப்பானாயின், ஆலயம் இடிந்த மெய்ச்செய்தியையும் பிறர் கதையென்று தள்ளிவிடுவர்.

வழிகாட்டியை மாத்திரம் நோவதிற் பயனில்லை. நம்மிடத்தும் இக்குறை உண்டு. 'கோணேசர் கல்வெட்டு' என்றொரு நூல் உளது. பெயர் கல்வெட்டாயினும் அது கவிராசவரோதயர் இயற்றிய நூலேயன்றிக் கல்லிற் பொறித்த சாசனம் அன்று. குளக்கோட்டன் ஆலயத் தொழும்புகளை இன்னின்னார்க்கு வகுத்தமைத்தான் என்று அது விரித்துரைக்கும். அதனுள் தத்தம் முன்னோர் பெயரைத் தேடி, கிடைத்தவிடத்து மேன்மை பாராட்டி, கிடையாதவிடத்து வலிந்து பொருள் கொள்ளுவோர் எல்லா மரபிலும் உளர். நம் மரபிலும் உளர். ஆலயம் இடிந்தபொழுது எல்லார்க்கும் ஒருங்கே இடிந்தது. பாறை விளிம்பில் நின்று தொழுதோரும் பல மரபினர். அந்நூலிற் கூறியவாறு நம்மவர் விளக்கேற்றினரோ, பூத்தொடுத்தனரோ, அது பெருமையே. ஆயினும் பிறர் பணியைச் சிறிதாக்கி நம் பணியைப் பெரிதாக்குவது அப்பணிக்கே இழுக்காம்.

பிற்செய்தி மகிழ்ச்சிக்குரியது. 1950ல் அவ்வூரிற் கிணறு தோண்டியபொழுது, முன்னோர் புதைத்து வைத்த செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956ல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடியிற் கடலுள் மூழ்கிப் பழைய ஆலயத்தின் தூண்களையும் கற்களையும் கண்டனர். 1963ல் உச்சியிற் புதிய ஆலயத்திற்குக் குடமுழுக்கு நிறைவேறிற்று. புதைத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் இன்ன குலத்தவரென்பதும் தெரியாது. மீண்டும் எடுத்து வழிபடும் நாள் வருமென்று அவர் நம்பினார் என்பது மட்டும் தெரியும்.

ஆகலின் அங்குச் செல்லும் நம் சகோதர சகோதரிகட்கு நாம் வேண்டிக்கொள்வன சில. வாயிலில் விரையாது நின்று கயலையும் எழுத்தையும் பிள்ளைகட்குக் காட்டுமின். வழிகாட்டி ஒன்று கூறின், 'இது கல் கூறுவதா, ஏடு கூறுவதா, செவிவழிச் செய்தியா?' என்று பணிவுடன் வினவுமின். நல்ல வழிகாட்டி அதனால் வருந்தான், மகிழ்வான். பாறை விளிம்பிற் சிறுவரைக் கைப்பிடித்து நிறுத்தி, கீழே அலைமோதும் கடலைக் காட்டி, இவ்விடத்தே கோயிலின்றியும் தொழுதவர் இருந்தனர் என்று சொல்லுமின். அச்சொல் மெய், ஆதலின் அது நிலைக்கும். நம் மக்கட்கு நாம் வைத்துச் செல்லும் பொருள்களுள் மெய்யான சரித்திரத்தினும் சிறந்தது பிறிதில்லை என்பது நமது துணிபு.