மேடைக்கு வந்த கேமரா

கச்சேரியைப் படம்பிடிப்பதில் பெரிய சிக்கல் ஒலிதான். பாடகரின் உதட்டசைவும் பாட்டும் ஒரே கணத்தில் பதிவாகிக் கடைசிவரை பிசகாமல் ஓட வேண்டும். 1950-களின் இறுதிவரை ஸ்டுடியோவுக்கு வெளியே இது பெரும்பாடாக இருந்தது. 35 மி.மீ. கேமராவின் இரைச்சலை அடக்கக் கனத்த உறை தேவை. ஒலிப்பதிவுக் கருவிகளோ கைக்கு அடங்காதவை. அதனால் இசைக்கலைஞர்களை ஸ்டுடியோவுக்கு வரவழைத்தார்கள். பாட்டை முதலில் பதிவுசெய்து, பிறகு அதை ஓடவிட்டு, வாசிப்பதுபோல் நடிக்கச் சொன்னார்கள். தமிழ்ப் படங்களில் பாட்டுக் காட்சிகள் இன்றும் எடுக்கப்படுவது இந்த முறையில்தான்.

அந்த முறையிலும் அருமையான படங்கள் வந்தன. 1944-ல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'ஜாமின் தி ப்ளூஸ்' பத்து நிமிடக் குறும்படம்; இயக்கியவர் புகைப்படக் கலைஞர் ஜோன் மிலி. தொப்பிக்குக் கீழே லெஸ்டர் யங்கின் முகமும் சிகரெட் புகையும் ஜாஸ் என்றால் இப்படித்தான் என்ற தோற்றத்தையே நிலைநாட்டிவிட்டன. அந்தக் குழுவில் வெள்ளையர் ஒருவரே: கிட்டார் வாசித்த பார்னி கெஸல். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசிப்பதைக் காட்ட ஸ்டுடியோ தயங்கியதால் அவரை நிழலில் உட்காரவைத்தார்கள். அண்மைக் காட்சிக்காக அவர் கைகளில் பெர்ரிப் பழச் சாற்றைப் பூசினார்கள்.

உண்மையான மேடைக்குப் போனவர்களில் முன்னோடி பெர்ட் ஸ்டெர்ன். அவரும் புகைப்படக்காரரே. 1958-ல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவை அவர் வண்ணத்தில் எடுத்தார். 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' என்ற அந்தப் படத்தில் வெள்ளைக் கையுறையும் அகன்ற தொப்பியுமாக அனிதா ஓ'டே பாடும் காட்சிக்காகவே அதைப் பார்க்கலாம். ரசிகர்கள் ஐஸ்கிரீம் தின்பதும், கடலில் பாய்மரப் படகுகள் போவதும் இசைக்கு நடுவே வந்துகொண்டே இருக்கும். தெலோனியஸ் மங்க் வாசிக்கும்போதுகூட கேமரா படகைப் பார்க்கப் போய்விடுவதை ஜாஸ் பிரியர்கள் மன்னிப்பதில்லை. முடிவில் மஹாலியா ஜாக்சன் பாடும்போது மட்டும் அது அடங்கி ஒரே இடத்தில் நிற்கிறது.

1960 வாக்கில் கருவிகள் மாறின. ராபர்ட் ட்ரூவின் குழுவில் இருந்த ரிச்சர்ட் லீகாக், டி.ஏ. பென்னபேக்கர், ஆல்பர்ட் மேசல்ஸ் ஆகியோர் 16 மி.மீ. கேமராவைத் தோளில் தூக்கிவைக்கும் அளவுக்குச் சுருக்கினார்கள். ஒலிக்கு, சுவிட்சர்லாந்தில் ஸ்டெஃபான் குடெல்ஸ்கி உருவாக்கிய நாக்ரா டேப் ரெக்கார்டர் வந்தது. முதலில் இரண்டையும் ஒரு கம்பி இணைத்தது. கேமராக்காரர் நகர்ந்தால் ஒலிப்பதிவாளரும் கூடவே ஓட வேண்டும். இரு கருவிகளிலும் துல்லியமான கடிகாரம் பொருத்தப்பட்டபின் கம்பி தேவைப்படவில்லை. இந்தப் படங்களுக்கே உரிய அந்தரங்கம், பாடகர் காருக்குள் ஏறும்போது கேமராவும் ஏறிக்கொள்ளும் அந்த நெருக்கம், இதற்குப் பிறகே சாத்தியமானது.

முதல் பெரும் பலன் பென்னபேக்கரின் 'டோன்ட் லுக் பேக்'. 1965-ல் பாப் டிலன் இங்கிலாந்தில் மேற்கொண்ட இசைப்பயணத்தை 1967-ல் வெளிவந்த இந்தப் படம் காட்டுகிறது. வர்ணனை இல்லை, பேட்டி இல்லை. ஓட்டல் அறையில் டிலன் பத்திரிகையாளர்களை வார்த்தையால் குத்திக் கிழிப்பதை கேமரா கூசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவருடைய பாட்டுப் பிடிக்காதவர்களுக்கும் இந்தப் படம் பிடிக்கும். பிடித்தவர்களுக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம் வரும்.

அதே பென்னபேக்கர் 1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மான்டரே விழாவைப் படமாக்கினார். தொலைக்காட்சிக்கென்று திட்டமிட்ட 'மான்டரே பாப்' அங்கே நிராகரிக்கப்பட்டு 1968-ல் திரையரங்குக்கு வந்தது. படத்தில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தன் கிட்டாருக்குத் தீவைக்கிறார். வாத்தியத்தைத் தெய்வமாகக் கருதிய ரவிசங்கருக்கு அது பொறுக்க முடியாத செயலாக இருந்தது. ஆனால் படத்தை முடித்துவைப்பவர் அவரே. நிஜத்தில் ஞாயிறு பிற்பகல் ரவிசங்கர் வாசித்தார், அன்றிரவுதான் ஹென்ட்ரிக்ஸ் மேடை ஏறினார். படத்தொகுப்பு இந்த வரிசையை மாற்றிவிட்டது. கடைசிப் பதினெட்டு நிமிடம் ரவிசங்கருக்கு. முதல் சில நிமிடங்கள் சிதார் ஒலி மட்டும் கேட்க, திரையில் கூட்டத்தின் முகங்கள். பிறகே மேடை தெரிகிறது. அல்லா ரக்காவின் தபலாவோடு அந்த வாசிப்பு உச்சத்துக்கு ஏறும் விதம், இந்திய இசையைப் பற்றி மேலைநாட்டார் எடுத்த எந்த விளக்கப் படத்திலும் இல்லாதது.

1969 ஆகஸ்டில் நடந்த 'உட்ஸ்டாக்' விழா, மைக்கேல் வாட்லீயின் இயக்கத்தில் மூன்று மணி நேரப் படமாக 1970-ல் வெளிவந்து ஆஸ்கர் வென்றது. குவிந்து கிடந்த படச்சுருளைத் தெல்மா ஷூன்மேக்கர், மார்ட்டின் ஸ்கார்செசி உள்ளிட்ட தொகுப்பாளர்கள் திரையை இரண்டு மூன்றாகப் பிரித்துச் சமாளித்தார்கள். விழா நடந்த அதே 1969 டிசம்பரில் ஆல்டமான்ட் பந்தயத் திடலில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியில் மெரிடித் ஹன்டர் என்ற 18 வயது இளைஞர், மேடையருகே காவலுக்கு நின்ற ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் கும்பலைச் சேர்ந்தவரால் குத்திக் கொல்லப்பட்டார். மேசல்ஸ் சகோதரர்களும் ஷார்லட் ஸ்வெரினும் எடுத்த 'கிம்மி ஷெல்டர்' அந்தக் கணத்தைத் தொகுப்பு மேசையில் மிக் ஜாகருக்கே ஓட்டிக்காட்டுகிறது. படம் மெதுவாக்கப்படுகிறது, தோழியின் வெளிர்நிறப் பின்னல் உடையின்மேல் ஹன்டர் கையிலிருந்த துப்பாக்கியின் நிழலுருவம் தெரிகிறது. அந்தப் படச்சுருள் பின்னர் வழக்கில் சாட்சியமானது. குத்தியவர் தற்காப்பு என்று விடுவிக்கப்பட்டார். இந்த வகையில் ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் உண்டு என்பவர் இதைப் பார்க்கலாம்.

அடுத்து வந்தவர்கள் தற்செயலை நம்பவில்லை. 1976 நவம்பரில் 'தி பேண்ட்' குழுவின் விடைபெறும் கச்சேரிக்கு ஸ்கார்செசி ஏழு 35 மி.மீ. கேமராக்களும், பாட்டு வரிக்கு வரி குறித்த நூற்றுக்கணக்கான பக்கத் திட்டமும் கொண்டுவந்தார். அப்படியும் மட்டி வாட்டர்ஸ் பாடியபோது ஒரு கேமராதான் ஓடிக்கொண்டிருந்தது: உத்தரவுகளைக் கேட்கும் ஹெட்போனைக் கழற்றிவிட்டிருந்த லாஸ்லோ கோவாக்ஸின் கேமரா. 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' படத்தின் சிறந்த காட்சி அதுவே. ஜொனாதன் டெம்மியின் 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' 1984-ல் வந்தது. 'டாக்கிங் ஹெட்ஸ்' குழுவின் டேவிட் பர்ன் வெறும் மேடையில் தனியாகத் தொடங்க, பாட்டுக்குப் பாட்டு ஆட்கள் சேர்கிறார்கள். ரசிகர் முகம் ஏறக்குறைய கடைசியில்தான் தெரிகிறது.

தமிழ்நாட்டுக் கலைஞருக்கு வாய்த்த முக்கியப் படம் சத்யஜித் ராயின் 'பாலா' (1976). வீணை தனம்மாளின் பேத்தியான பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியை ராய் சிறுவனாக 1935-ல் கல்கத்தாவில் பார்த்திருந்தார். படமெடுக்கும்போது பாலசரஸ்வதிக்கு 58 வயது. கடற்கரைக் காற்றில் புடவை படபடக்க அவர் ஆடும் காட்சியை ஒளிப்பதிவு மேதைமைக்காகப் பார்க்க வேண்டியதில்லை. அபிநயத்தின்போது அந்த முகத்தைப் பார்த்தால் போதும். அவருடைய இளமைக்கால ஆட்டம் இப்படி ஒரு படத்தில் கிடைக்காமல் போனது பெரிய இழப்பு.

எடுத்தும் வெளிவராத படங்கள் தனிக்கதை. 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதித் தேவாலயத்தில் அரீதா ஃபிராங்க்ளின் இரண்டு இரவுகள் பாடினார். படமாக்கியவர் சிட்னி போலாக். கதைப்பட இயக்குநரான அவர் கிளாப் பலகை அடிக்க விட்டுவிட்டார். பலகை மோதும் சத்தத்தையும் அது மோதும் ஃபிரேமையும் பொருத்தித்தான் படத்தோடு ஒலி சேர்க்கப்படும். அந்தக் குறி இல்லாததால் உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை வைத்துப் பார்த்தும் ஒட்டவில்லை. இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது, படம் கிடங்கில் தூங்கியது. பல்லாண்டுகளுக்குப் பின் தயாரிப்பாளர் ஆலன் எலியட் கணினி உதவியால் பொருத்தினார். அரீதா வழக்குத் தொடுத்துத் தடுத்தார். அவர் காலமான 2018-ல்தான் 'அமேசிங் கிரேஸ்' திரைக்கு வந்தது. 1969 கோடையில் ஹார்லமில் நடந்த கறுப்பர் இசைவிழாவை ஹால் டல்சின் வீடியோ டேப்பில் எடுத்தது வெளிவராமல் போனதற்குக் காரணமே வேறு. அங்கே தொழில்நுட்பக் கோளாறு எதுவும் இல்லை, வாங்கத்தான் ஆளில்லை. அது 'சம்மர் ஆஃப் சோல்' என்று 2021-ல் வந்து ஆஸ்கர் பெற்றது.

அதே 2021-ல் பீட்டர் ஜாக்சன், பீட்டில்ஸ் குழுவை 1969-ல் மைக்கேல் லின்ட்சே-ஹாக் எடுத்த படச்சுருளிலிருந்து 'கெட் பேக்' தொடரை உருவாக்கினார். அந்த ஒலியும் நாக்ரா டேப்பில்தான் இருந்தது: பேச்சும் வாத்தியமும் ஒரே தடத்தில் கலந்து. தங்கள் சொந்தப் பேச்சு மைக்கில் விழாமலிருக்கக் குழுவினர் சில நேரம் கிட்டார் சத்தத்தைக் கூட்டிவைத்திருந்தார்கள். ஜாக்சனின் குழு எழுதிய மென்பொருள் கிட்டாரைத் தனியே பிரித்தெடுத்துவிட, அவர்கள் மறைக்க நினைத்த பேச்சு 52 ஆண்டுகள் கழித்துத் தெளிவாகக் கேட்டது.