சாங்கோலா: ஒரு தொகுதியும் ஓர் உறுப்பினரும்

மகாராட்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்திலுள்ள சாங்கோலா வறட்சி மிக்க நிலம். அங்கிருந்து கண்பத்ராவ் தேஷ்முக் 1962 முதல் 2014 வரை 11 முறை சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். எண்ணிக்கையில் அவரை விஞ்சியோர் உளர், மு. கருணாநிதி 1957 முதல் 2016 வரை 13 முறை வென்றார். எனினும் அவ்வெற்றிகள் குளித்தலை தொடங்கித் திருவாரூர் வரை பல தொகுதிகளில் பெற்றவை. தேஷ்முக்கின் வெற்றிகளோ ஒரே தொகுதியில், ஒரே கட்சியின் பெயரால் அமைந்தவை. இவ்வேறுபாடே ஈண்டுக் கருதத்தக்கது.

அவர் சார்ந்த உழவர் உழைப்பாளர் கட்சி பெரும்பாலும் எதிர்வரிசையிலேயே இருந்தது. 1978இலும் 1999இலும் அமைந்த கூட்டணி அரசுகளில் மட்டுமே அவர் அமைச்சரானார். ஆளுங்கட்சியைச் சாராத உறுப்பினர் தம் தொகுதிக்கு என் செய்ய இயலும்? கூட்டுறவு நூற்பாலையும் பாசன நீருக்கான இடையறாக் கோரிக்கையும் அவர் தந்த விடைகள்.

வெற்றிகளினும் அவருடைய தோல்விகளே ஆய்வாளர்க்குப் பெரிதும் பயன்படுவன. 1972இல் தோற்று, 1974 இடைத்தேர்தலில் மீண்டார். 1995இல் 192 வாக்குகளில் தோற்றபோதும் கட்சி மாறினாரல்லர். 1999இல் அதே கட்சியின் சார்பிலேயே வென்றார். 2019இல் அவர் போட்டியிடவில்லை. அவருக்கு மாற்றாக நின்ற பெயரர் 768 வாக்குகளில் தோற்றார். ஆகவே, அதுகாறும் விழுந்த வாக்குகள் கட்சிக்குரியனவல்ல, தனிமனிதர்க்கு உரியன எனக் கருத இடமுண்டாயிற்று. 2021 சூலை 30இல் அவர் மறைந்தார். 2024இல் மற்றொரு பெயரர் அக்கட்சியின் சார்பிலேயே வென்றமை இம்முடிவை மீளாய்வுக்கு உட்படுத்துகிறது.