பணியிழந்த பொறியாளரும் பிரிட்டிஷ் அரசும்: 1965 முதல் 2011 வரை

1965 ஏப்ரல் 6 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் ஜேம்ஸ் கேலஹன் தம் வரவுசெலவு உரையில் டி.எஸ்.ஆர்.-2 போர் விமானத் திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்தார். அந்த விமானம் முதன்முதலாகப் பறந்து ஏழு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. பல்லாண்டு உழைத்த வடிவமைப்புக் குழுக்கள் கலையத் தொடங்கின.

அதே ஆண்டில்தான் ஆட்குறைப்பு இழப்பீட்டுச் சட்டமும் வந்தது. பணிமூப்பு, வயது, வாரச் சம்பளம் ஆகிய மூன்றுமே அதன் அளவுகோல். 22 முதல் 40 வயது வரையிலான பணிக்காலத்துக்கு ஆண்டுக்கு ஒரு வாரச் சம்பளம். 41 வயது முதல் ஒன்றரை வாரம். கணக்கில் சேரும் வாரச் சம்பளத்துக்கு அன்று 40 பவுண்டு உச்சவரம்பு. ஆறாண்டு பணியாற்றிய முப்பது வயதுப் பொறியாளருக்கு அதிகபட்சம் 240 பவுண்டு கிடைத்தது. தேயும் தொழில்களிலிருந்து ஆட்கள் எதிர்ப்பின்றி வளரும் தொழில்களுக்கு நகர வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். சுரங்கத்தையும் நெசவாலையையும் மனத்தில் வைத்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் பொறியியல் திறன் தனி ஆளிடம் மட்டும் இருப்பதில்லை. வரைபடத்தைக் கோப்பில் காக்கலாம். ஒரு வடிவம் ஏன் கைவிடப்பட்டது, எந்தச் சோதனையில் எது முறிந்தது என்பதெல்லாம் சேர்ந்து உழைத்தவர்களின் நினைவில்தான் இருக்கும். இழப்பீட்டுச் சூத்திரத்தில் அதற்கு இடமே இல்லை. இந்தக் குறையை நான் சிறிதாக எண்ணவில்லை.

எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது. 1959 பிப்ரவரியில் கனடா தன் ஆரோ விமானத்தைக் கைவிட்டபோது ஒரே நாளில் 14,000 பேர் வேலையிழந்தனர். அவர்களில் 32 பொறியாளர்களை நாசா அழைத்துக்கொண்டது. அப்படிச் சென்ற ஜிம் சேம்பர்லின் ஜெமினி விண்கலத்தின் வடிவமைப்பை முன்னின்று நடத்தினார். பின்னர் பிரிட்டனிலும் அறிவாளர் வெளியேற்றத்தை ஆராய்ந்த ஜோன்ஸ் குழு 1967இல் அறிக்கை அளித்தது.

1970களில் உயர்தொழில் வல்லுநர்களுக்கென அரசே வேலைவாய்ப்புச் சேவை நடத்தியது. மறுபயிற்சித் திட்டங்களும் வந்தன. ஆனால் அந்தப் பத்தாண்டின் துணிவான யோசனை அரசிடமிருந்து வரவில்லை. லூகாஸ் ஏரோஸ்பேஸ் ஆலைகளில் ஆட்குறைப்பு நெருங்கியபோது, அங்கிருந்த தொழிற்சங்கப் பிரதிநிதிகள் 1974இல் அமைச்சர் டோனி பென்னைச் சந்தித்தனர். பின் தங்கள் கைத்திறனையும் எந்திரங்களையும் கணக்கெடுத்து, 1976 ஜனவரியில் ஒரு மாற்றுத் திட்டத்தை வெளியிட்டனர். சிறுநீரகச் சுத்திகரிப்புக் கருவி, வெப்ப எக்கி, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி என ஏறத்தாழ 150 பொருள்கள் அதில் இருந்தன. குழுவைக் கலைக்காமல் அதன் வேலையை மாற்றுங்கள் என்பதே கோரிக்கை. நிர்வாகம் மறுத்தது, அரசும் வற்புறுத்தவில்லை. திட்டத்தின் முன்னோடிகளில் ஒருவரான வடிவமைப்புப் பொறியாளர் மைக் கூலி 1981இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டே அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

2010 அக்டோபரில் நிம்ராட் விமானத் திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் விமான நிறுவனம் ஏறத்தாழ 3,000 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. டி.எஸ்.ஆர்.-2 பறந்த வார்ட்டன் ஆலையும் அந்தப் பட்டியலில் இருந்தது. இம்முறை அரசின் பேச்சில் ‘திறனைத் தக்கவைத்தல்’ என்ற சொல் முன்னே வந்தது. பணியிழக்கும் பொறியாளர்களையும் ஆள் தேடும் நிறுவனங்களையும் இணைக்கும் இணையச் சேவை ஒன்று அரசு ஆதரவுடன் 2011இல் தொடங்கப்பட்டது. 1965ஐவிட இது நல்ல முன்னேற்றமே. ஆயினும் அது பொறியாளர்களை ஒவ்வொருவராகத்தான் பதிவு செய்தது. அதே பட்டியலில் இருந்த, 1916 முதல் விமானம் கட்டிவந்த ப்ரஃப் ஆலையின் குழு அப்படியே வேறோர் ஊருக்குப் போக அதில் வழி இருக்கவில்லை.