அலமாரிக்குள் கிடந்த அரிக்கமேடு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகும்போதெல்லாம் மரக்கானத்தில் ஒரு டீக்கு வண்டியை நிறுத்துவேன். சாலை ஓரம் வெள்ளையாக உப்புக் குவியல்கள், அதற்குப் பின்னால் பாத்திகள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைச் சொல்கிறது. பொதுகே புதுச்சேரிப் பக்கம், சோபட்மா இந்த மரக்கானம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினமும் இதுதான் என்பார்கள்.

துறைமுகங்களைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு ஆர்வம் அங்கே கிடைத்த பொருள்கள் பிற்பாடு எங்கே போய் உட்கார்ந்தன, அவற்றை யார் எழுதி வைத்தார்கள் என்பதில்.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த மார்ட்டிமர் வீலர் அந்த வருடமே சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தார். அங்கே ஓர் அலமாரிக்குள் கைவிட்டபோது ஒரு பானையின் கழுத்தும் நீண்ட கைப்பிடியும் தட்டுப்பட்டன. வெளியே எடுத்துப் பார்த்தால், மத்தியதரைக் கடல் நாடுகளில் மது, எண்ணெய் கொண்டுபோகப் பயன்பட்ட ஆம்போரா சாடி. எங்கே கிடைத்தது என்று கேட்டார். அரிக்கமேடு என்று பதில் வந்தது. அடுத்து புதுச்சேரிக்குப் போய், அங்கே பொது நூலகத்தில் இருந்த ஓடுகளில் இத்தாலியில் செய்த அரிட்டைன் வகையைக் கண்டுகொண்டார். 1945-இல் அகழாய்வு நடந்தது. அரிட்டைன் ஓடுகளின் காலம் ஏற்கெனவே தெரியும் என்பதால், அவற்றோடு கிடைத்த உள்ளூர் மட்கலங்களுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு கடிகாரம் கிடைத்த மாதிரி.

வீலர் இந்தக் கதையைத் தன் பாணியில் சுவையாகச் சொல்லிவிட்டார், அதனால் அவர் பெயரே நின்றுவிட்டது. ஆனால் அதே அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் ஏ. ஐயப்பன் 1941-லேயே அரிக்கமேடு பற்றி 'இந்து' நாளிதழில் எழுதியிருந்தார். அவருக்கும் முன்பே, 1930-களில், பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரே அந்த இடத்தைக் கவனித்திருந்தார். என் கவனம் போவது அந்த ஒரு வார்த்தைப் பதிலின் மேல். "எங்கே கிடைத்தது?" என்றதும் "அரிக்கமேடு" என்று சொல்ல அன்று அங்கே ஓர் ஆள் இருந்தார். அந்தப் பதில் இல்லையென்றால் அது கைப்பிடி உள்ள ஓர் உடைந்த பானை, அவ்வளவுதான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இந்தக் கரையோரம் உள்ள ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் பதிவேட்டைக் கணினிக்கு மாற்ற உதவுகிறேன் என்று நானாகவே போய் நின்றேன். பெயர் வேண்டாம். அங்கே ஏற்கெனவே யாரோ வந்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பவர்பாயிண்ட், சான்றிதழ், குரூப் போட்டோ எல்லாம் ஆகியிருந்தது. மிச்சம் இருந்தது, உறை பிரிக்காத ஒரு ஸ்கேனர்.

அங்கே இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். "நமக்கு கம்ப்யூட்டர் வராது சார்" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். ஆனால் அவர் மேஜைக் கணினியைத் திறந்தால் பொருள் பட்டியலில் பாதி ஏற்கெனவே தட்டச்சு செய்து கிடக்கிறது! பழைய எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அத்தனையும் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரியும். தேடினால் எதுவும் கிடைக்காது. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்ற குறிமுறைகளை அறிவித்தது, 2010-இல் யூனிகோடுக்கு மாறியது. அறிவிப்பு மாறினால் கோப்புகளும் தானாக மாறிவிடுமா என்ன? அவர் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். பயிற்சிக்கு வந்தவர்களோ 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என்.எச்.எம். ரைட்டரில் பழைய தட்டச்சு விசைப்பலகையைத் தேர்வு செய்து கொடுத்தேன். அதே வேகம், ஆனால் யூனிகோடு. பழைய கோப்புகளை ஒரு மாற்றியில் போட்டு எடுத்தோம். கம்ப்யூட்டர் வராத மனிதர் அன்று மாலைக்குள் நாற்பது வரி அடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்த தப்பு. இருபது வருட மென்பொருள் அனுபவத்தில் அழகாக ஒரு படிவம் செய்தேன். 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில் ஊர்ப்பட்டியல், ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் சேமிக்காது. எங்கள் தொழிலில் இதைத் தரவுச் சுத்தம் என்போம். அடுத்த மாதம் போனால் பதினோரு பானை ஓடுகள் புதிதாக அரிக்கமேட்டுக் கணக்கில் ஏறியிருக்கின்றன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் பதிவேட்டைக் காட்டினார்: ஆற்றோரம் கிடைத்ததாக ஒரு மீனவர் சொல்லிக் கொடுத்தது, ஊர் பெயர் இல்லை. "சார், 'சொல்லப்படுகிறது'ன்னு எங்க போடுறது? உங்க பெட்டி விடமாட்டேங்குது. பட்டியல்ல ஆத்தோரம் இருக்குறது அது ஒண்ணுதான்."

பதிவேட்டை எழுதியவர் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருந்தார். என் படிவம்தான் அவரைப் பொய் சொல்ல வைத்தது. நாளைக்கு யாராவது இந்தப் பதினோரு ஓடுகளை நம்பி ஒரு கட்டுரையே எழுதியிருக்கலாம்.

இதே சென்னை அருங்காட்சியகத்தில் 1930-களில் வேறொரு புதிய திறமை வந்து சேர்ந்தது. வெண்கலச் சிலைகளுக்கு எமன் உப்பு. அதிலுள்ள குளோரைடு உள்ளே புகுந்தால் பச்சை பூத்து அரித்துக்கொண்டே போகும். மண்ணுக்கடியில் கிடந்த சிலைகளில் இது சகஜம், கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கேயே ஆய்வகம் வைத்து, மின்பகுப்பு முறையில் அந்த அரிப்பை நீக்கினார். இரண்டு நாள் வகுப்பு எடுத்துவிட்டுப் போன ஆள் இல்லை, அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தவர். அதனால்தான் அந்த அறிவு அங்கே தங்கியது என்பது என் எண்ணம்.

பதிவால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஸ்ரீபுரந்தான் நடராஜரைச் சொல்லலாம். அரியலூர் மாவட்டக் கோயிலிலிருந்து திருடுபோன சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது இந்தக் கோயிலுடையதுதான் என்று காட்ட உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். அந்த நிறுவனம் 1950-களிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் படமெடுத்து, எந்த ஊர், எந்தக் கோயில் என்று எழுதி வைத்தது. 2014 செப்டம்பரில் சிலை திரும்பி வந்தது. கூடவே விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும்.

பணமிருக்கும் இடத்தில் எல்லாம் சரியாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 2,000 பொருள்கள் காணாமலோ சேதமடைந்தோ போனது 2023-இல் வெளியே வந்தது. அவற்றில் பல ஒழுங்காகப் பட்டியலிடப்படாதவை. மீதமுள்ள பதிவுகளை ஐந்து வருடத்தில் இணையத்தில் ஏற்றுவோம் என்று அதன் பிறகுதான் அறிவித்தார்கள். இங்கே சி-டாக் உருவாக்கிய 'ஜதன்' மென்பொருள் வழியாக, தில்லி தேசிய அருங்காட்சியகம், ஹைதராபாத் சாலார் ஜங் உட்படச் சில பெரிய அருங்காட்சியகங்களின் பொருள்கள் 2014 முதல் இணையத்தில் இருக்கின்றன. நல்ல வேலை. ஆனால் எந்த மென்பொருளானாலும், கட்டத்தை நிரப்புவது அண்ணன் மாதிரி ஒருவர்தான்.

என் படிவத்தை மாற்றிவிட்டேன். பட்டியல் போய்விட்டது. பதிவேட்டில் உள்ள வாசகம் அப்படியே ஒரு கட்டத்தில். யார் சொன்னது என்று இன்னொரு கட்டம். நம் ஊகம் தனியாக, ஊகித்தவர் பெயரோடு. படம் எடுக்கும்போது எண் சீட்டும் அளவுகோலும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அண்ணன் போட்ட விதி. பதினோரு ஓடுகளும் அரிக்கமேட்டிலிருந்து விடுதலை.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒரு பழைய கவருக்குள் இரண்டு மணிகள், எண் அழிந்துபோயிருக்கிறது. "கையெழுத்து யாருதுன்னு தெரியும் சார். ரிடையர் ஆகி திண்டிவனம் பக்கம் இருக்காரு. கேட்டா சொல்லுவாரு." அண்ணனுக்கே அடுத்த வருடம் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் திண்டிவனம் போகிறோம். ஃபோனில் ஒலிப்பதிவு செய்ய இடம் காலி செய்து வைத்திருக்கிறேன்.