தூமன் ஆற்றின் அந்தக் கரை: பஞ்சம், பெண்கள், தரகர்கள்

இன்னைக்கு எபிசோடுல ஒரு ஆற்றைப் பத்திப் பேசப்போறோம். வட கொரியாவையும் சீனாவையும் பிரிக்கிற தூமன் ஆறு. சில இடங்கள்ல ரொம்பக் குறுகலா ஓடும். குளிர்காலத்துல உறைஞ்சுபோனா நடந்தே தாண்டிடலாம். 1990-களின் நடுவில் பல்லாயிரம் பேர் அப்படித் தாண்டினார்கள். காலம் போகப்போக அவர்களில் பெண்களே அதிகமானார்கள். ஏன் பெண்கள்?

முதல்ல பசியிலிருந்து ஆரம்பிப்போம். வட கொரியாவில் அப்போ அரிசி, சோளமெல்லாம் அரசாங்கமே அளந்து கொடுத்துக்கிட்டிருந்தது. நம்ம ஊர் ரேஷன் கடையை மனசுல வெச்சுக்காதீங்க. இங்க ரேஷன் பத்தலைன்னா மளிகைக் கடைக்குப் போவோம். அங்க அப்போ நகரத்துல இருந்தவங்களுக்கு ரேஷன்தான் சாப்பாடே. சாதாரணத் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 700 கிராம் தானியம் என்பது கணக்காக இருந்தது. அந்த நாடு பெரும்பாலும் மலை. விளைநிலம் குறைவு. இருக்கிற நிலத்திலும் விளைச்சல் எடுக்க உரமும், பம்புசெட் ஓட மின்சாரமும் வேண்டும். இதற்கான எண்ணெய் சோவியத் யூனியனிடமிருந்து மலிவாக வந்துகொண்டிருந்தது. 1991-ல் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. அதே வருஷம் அரசாங்கம் ஒரு பிரச்சாரம் ஆரம்பிச்சது: ஒரு நாளைக்கு ரெண்டு வேளை மட்டும் சாப்பிடுவோம்! 1995-ல் பெருவெள்ளம். ஆனா வெள்ளத்து மேல மட்டும் பழியைப் போட முடியாது. அதுக்கு முன்னாடியே, ஆற்றை ஒட்டிய வடகிழக்கு மாகாணங்களுக்கு ரேஷன் வருவது நின்றுவிட்டிருந்தது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் சில லட்சத்திலிருந்து 20 லட்சத்துக்கும் மேல் வரை மதிப்பீடுகள் இருக்கின்றன. எத்தனை பேர் செத்தாங்கன்னுகூட எண்ண விடாத அரசாங்கம் அது.

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். வட கொரியாவில் ஆண்கள் அரசு ஒதுக்கிய தொழிற்சாலைக்குப் போயே ஆகணும். மெஷின் ஓடலைன்னாலும், சம்பளம் வரலைன்னாலும் வருகைப் பதிவேட்டில் பேர் இருக்கணும். கல்யாணமான பெண்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் சந்தையில் கடை போட்டதும், ஊர் ஊராகப் போய் சாமான் வித்ததும், குடும்பத்தைக் காப்பாத்தினதும் அவர்கள்தான். ஒரு ஆண் நாலு நாள் காணலைன்னா கேள்வி வரும். ஒரு பெண் காணலைன்னா, வியாபாரத்துக்குப் போயிருக்கான்னு நினைச்சுப்பாங்க. ஆக, ஆற்றைத் தாண்ட முடிந்தவர்கள் பெண்கள்.

அந்தப் பக்கம் யார் காத்திருந்தாங்க? தரகர்கள்.

சீனாவின் வடகிழக்குக் கிராமங்களில் அப்போது கல்யாணத்துக்குப் பெண் கிடைக்கவில்லை. ஒரு குழந்தைத் திட்டமும் ஆண் பிள்ளை ஆசையும் சேர்ந்து பெண்களின் எண்ணிக்கையைக் குறைத்திருந்தன. இருந்த இளம்பெண்களும் நகரங்களுக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் ஏழை விவசாயிகள், வயசானவர்கள், உடல் ஊனமுற்றவர்கள். "ஹோட்டல்ல வேலை இருக்கு, ரெண்டு மாசம் சம்பாதிச்சுட்டுத் திரும்பிடலாம்" என்று சொல்லிக் கூட்டிவந்த பெண்களைத் தரகர்கள் இவர்களிடம் விற்றார்கள். வயசைப் பொறுத்து விலை. ஒருத்தர் கைமாறி இன்னொருத்தர்கிட்ட போகும்போது விலை ஏறும்.

சில பெண்கள் தெரிஞ்சேதான் சம்மதிச்சாங்க. சாவா, முகம் தெரியாத ஒருத்தனோட வாழ்க்கையா என்று நின்றபோது வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போ அது கடத்தல் இல்லையா? 2000-ம் ஆண்டின் ஐ.நா. பலெர்மோ நெறிமுறை இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. ஒருவரின் கையறு நிலையைப் பயன்படுத்திச் சுரண்டினால், அவர் கொடுத்த சம்மதம் கணக்கில் வராது.

ஆனா இந்த வியாபாரத்தைத் தாங்கிப் பிடிச்சது தரகர்கள் மட்டும் இல்லை. சீனா 1982-லேயே அகதிகள் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு. ஆபத்து இருக்கும் இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் அடிப்படை. ஆனால் வட கொரியர்களை "சட்டவிரோதமாக வந்த பொருளாதாரக் குடியேறிகள்" என்கிறது சீனா. பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடும். அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போவது வட கொரியாவில் குற்றம். மைக்கேல் கிர்பி தலைமையிலான ஐ.நா. விசாரணை ஆணையம் 2014-ல் வெளியிட்ட அறிக்கை, திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு நடந்ததைப் பதிவு செய்திருக்கிறது: சித்திரவதை, முகாம், சீன ஆணால் கர்ப்பமானவர்களுக்குக் கட்டாயக் கருக்கலைப்பு. பசிக்காகவே கிளம்பியிருந்தாலும், திரும்பினால் இதுதான் கதி என்றால் அவர் அகதிதானே?

தரகனோட பலமும் இதுதான். பூட்டு வேண்டாம், காவல் வேண்டாம். "போலீஸ்ல சொல்லிடுவேன்"னு ஒரு வார்த்தை போதும். அடிக்கிற புருஷனுக்கும் அதே வார்த்தை போதும். பிறந்த பிள்ளையைக் குடும்பப் பதிவில் சேர்க்கப் போனால் அம்மா யாரென்று தெரிந்துவிடும். அதனால் பதிவே இல்லாமல், பள்ளிக்கூடம் போக முடியாமல் வளர்ந்த குழந்தைகள் நிறைய.

தப்பிக்கவும் தரகர்தான் வேணும், இது இன்னொரு கொடுமை. சீனாவைக் குறுக்காகக் கடந்து, லாவோஸ் வழியாகத் தாய்லாந்து போய், அங்கிருந்து தென் கொரியா. தென் கொரிய அரசியலமைப்புப்படி வட கொரியர்களும் அதன் குடிமக்களே. அங்கே போய்ச் சேர்ந்ததும் அரசு கொடுக்கும் உதவித்தொகையில் ஒரு பகுதி தரகர் கடனுக்கே போய்விடும். பெண்ணை வித்தவனும் தரகன், காப்பாத்திக் கொண்டுவந்தவனும் தரகன். சில சமயம் ரெண்டு வேலையையும் ஒரே ஆள்தான் பார்த்திருப்பான்.

2009-ல் தென் கொரியா வந்து சேர்ந்தவர்கள் 2,914 பேர். கோவிட் எல்லையடைப்புக்குப் பிறகு, 2021-ல் வெறும் 63. பஞ்சமும் பயமும் குறைஞ்சுட்டதா அர்த்தம் இல்லை. எல்லையில் வேலி கூடியிருக்கிறது, சீன நகரங்களில் முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள் வந்துவிட்டன. பல வருஷத்துக்கு முன்னாடி விற்கப்பட்ட பெண்களில் பலர் இன்னும் அந்தக் கிராமங்களில்தான் இருக்கிறார்கள். பக்கத்து மாகாணத்துக்கு ஒரு ரயில் டிக்கெட் எடுக்கணும்னாலும் அடையாள அட்டை கேப்பாங்க. அவங்ககிட்ட அது இல்லை.